வலது பையில் மிஞ்சிய அட்டை

அம்மா இறந்த அன்று மருத்துவமனையில் கொடுத்த பை பதினெட்டு நாளாக அலமாரி மேல் பிரிக்கப்படாமல் கிடந்தது. அப்பாவுக்கு அதைத் தொட மனம் வரவில்லை. மகனுக்குத் துணிவு வரவில்லை. சனிக்கிழமை காலை அம்மாவின் ஜூனியர் வக்கீல் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் இறக்கினான்.

"தம்பி, மேடத்தோட கோட்டு உங்ககிட்டதானே இருக்கு? வலது பையில எதாவது இருக்கான்னு பாருங்களேன்."

இருந்தது. உள்ளங்கை அளவில் ஒரே ஒரு அட்டை. இடது பையில் கற்றையாக இருபத்துமூன்று. வலது பையில் இருந்ததைப் படித்துக் காட்டினான்.

"ஒரே ஒரு முறை விழுந்ததில் இந்த இரண்டு காயங்களும் ஏற்பட்டிருக்க முடியுமா?"

ஜூனியர், "மத்தியானம் வீட்டுக்கு வரேன்" என்றார்.

அம்மா கொலை வழக்கு வக்கீல். குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நிற்பவர். முப்பத்தொரு வருடம் அந்த வேலை பார்த்தார். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களில் ஒருவராவது, "இப்படிப்பட்டவனுங்களுக்கெல்லாம் வாதாட எப்படித்தான் மனசு வருதோ" என்பார். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி பரிமாறிவிட்டு, "நாளைக்கு உங்க பேர்ல சம்மன் வந்தா நேரா இங்கதான் வருவீங்க. அதுக்குத்தான் இப்பவே பழகிக்கிறேன்" என்பார். சாப்பிடுகிறவர் அதோடு சாப்பாட்டில் கவனமாகிவிடுவார்.

நீதிமன்றத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'உக்காந்துட்டாங்க.' மற்ற வக்கீல்கள் ஒரு சாட்சியை அரைநாள் நிற்க வைப்பார்கள். மேசையைத் தட்டுவார்கள், கோட்டை உதறுவார்கள். அம்மா எழுந்து இருபது சொச்சம் கேள்வி கேட்பார், உட்கார்ந்துவிடுவார். சாட்சிக்கே சப்பென்று ஆகிவிடும். வாசலில் நிற்கும் காவலர்கள் அவர் படியேறுவதைப் பார்த்து, "உக்காந்துட்டாங்க வந்துட்டாங்க" என்று பேசிக்கொள்வார்கள். அது அம்மாவின் காதில் விழுந்தது. வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார்.

சம்பவ இடத்தைச் சம்பவம் நடந்த அதே நேரத்தில் போய்ப் பார்ப்பார். மாலை ஆறேகாலுக்குக் குத்து நடந்திருந்தால் ஆறேகாலுக்கு அங்கே நிற்பார். வெளிச்சம் எவ்வளவு, எதிர்க் கடை விளக்கு எப்போது எரிகிறது, குழாயடியிலிருந்து முகம் தெரியுமா. இரண்டு முறை மகனும் போயிருக்கிறான். டேப் பிடிக்க ஆள் வேண்டும் என்று கூட்டிப்போனார். அவன் பொறியாளர். பழைய பாலங்களைச் சோதிப்பது அவன் தொழில். "பதினொன்றே முக்கால் மீட்டர்" என்று அவன் சொன்னால் அம்மாவுக்குப் போதாது. "மூணு செண்டிமீட்டர் கூடவா குறைவா?" என்பார்.

பிணப் பரிசோதனைப் படங்களைச் சாப்பாட்டு மேசையில் மட்டும் பிரிக்க மாட்டார். இஸ்திரி போடும் மேசையில்தான். பார்த்து முடித்ததும் துணியை விரித்து மூடிவிடுவார். இறந்தவரின் வீட்டார் நீதிமன்றத்தில் எங்கே உட்காருகிறார்கள் என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வார். அவர்கள் இருக்கும்போது குரல் உயராது. "கேட்கக் கூடாததெல்லாம் கேட்டுட்டு உக்காந்திருக்காங்க. அதை நான் வேற சத்தம் போட்டுச் சொல்லணுமா?"

பத்து வயதில் அவன் ஒரு முறை கேட்டான். "அந்த ஆள் நிஜமாவே கொன்னாராம்மா?"

"நிரூபிச்சாங்களா இல்லையான்னு கேளு. சொல்றேன்."

"இல்ல, கொன்னாரா?"

"அது எனக்குத் தெரியாது. தெரியாத கேள்வியைக் கேட்கவும் மாட்டேன். ஒரு தடவை பதில் வெளிய வந்துடுச்சுன்னா திருப்பி உள்ள தள்ள முடியாதுடா."

அது அந்த வீட்டின் சட்டமாகவே ஆகிவிட்டது. பதில் என்ன வரும் என்று தெரியாவிட்டால் கேட்காதே. தேர்வு முடிவு வந்த நாளில்கூட யாரும் அவனைக் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை வைத்தார்கள்.

அப்பா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சமையல் அவர் பொறுப்பு. குறுக்கு விசாரணை நாட்களில் மதியச் சாப்பாட்டு டப்பா போனது போலவே திரும்பி வரும். "என் சமையலை எதிர்த்தரப்பு சாட்சின்னு நினைச்சுட்டியா? தொடவே மாட்டேங்கிறே" என்பார் அப்பா. "கேள்வி பாக்கி இருக்கும்போது உள்ள இறங்காதுங்க. முடிஞ்சுதுன்னா சாப்பிட்டுடுவேன்" என்பார் அம்மா. முப்பத்தைந்து வருட இல்லறத்தில் இந்த வாக்குவாதம் மட்டும் தீர்ப்பாகவே இல்லை.

அட்டைகளின் கதை இது. பெண்களுக்குத் தைக்கும் கோட்டில் பை என்று ஒன்று இருப்பதில்லை. இருந்தாலும் விரல் நுனி நுழையும் அளவுதான். அம்மா தையல்காரரிடம் சொல்லி இரண்டு ஆழமான பைகள் வைத்துக்கொண்டார். கேட்க வேண்டிய கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு அட்டையில். அவை வலது பையில் இருக்கும். கேட்டு முடித்தால் இடது பைக்குப் போகும். எண் போட மாட்டார். "நம்பர் போட்டா ஏழுக்கு அப்புறம் எட்டைக் கேட்டே ஆகணும்னு கை பரபரக்கும்" என்பார்.

ஒருநாள் அட்டைகள் மொத்தமும் படிக்கட்டில் சிதறிவிட்டன. வரிசை போயிற்று. அன்று மாலை வீட்டுக்கு வந்து புலம்பினார். அப்போது அவன் வேலைக்குச் சேர்ந்த புதிது. அலுவலகத்தில் கழித்துக்கட்டும் வரைபடத் தாள்கள் கெட்டியாக இருக்கும். ஒன்றை எடுத்துவந்து மேசையில் விரித்தான். இரும்பு அளவுகோலை வைத்துப் பிளேடால் நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு என்று வெட்டிக் காட்டினான்.

"மேல் வரிசை இடது ஓரத்துல ஆரம்பிச்சு, வெட்டின வரிசையிலயே பின்பக்கம் எழுதும்மா. கொட்டிப் போச்சுன்னா திருப்பிப் போட்டுப் படத்தைச் சேர்த்துடு. வரிசை தானா வந்துடும். நம்பர் வேணாம், பாலமே நம்பர்."

அம்மா வெட்டிய தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "படிக்க வெச்சது வீண் போகலை" என்றார். அதற்குப் பிறகு முக்கியமான ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு தாள். ஒரு பக்கம் பாலத்தின் துண்டு, மறுபக்கம் ஒரு கேள்வி. பார்க்கிறவர்கள் சிக்கனம் என்று நினைத்தார்கள். ஜூனியரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஜூனியர் என்றால் சின்னப் பெண் இல்லை. நாற்பத்திரண்டு வயது. அம்மாவிடம் பதினோரு வருடம் இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மத்தியானம் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தார். அப்பா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

வழக்கு இதுதான். ஒரு வெல்டிங் பட்டறை, இரண்டு கூட்டாளிகள். ஒரு மாலை சண்டை வந்தது. ஒருவர் செத்துப்போனார். பின்மண்டையில் இரண்டு காயம். இரும்புக் கம்பியால் பின்னாலிருந்து இரண்டு முறை அடித்தான் என்றது போலீஸ். பிடித்துத் தள்ளினேன், மேசை விளிம்பில் மோதித் தரையில் விழுந்தான் என்றார் இவர்களின் கட்சிக்காரர். தள்ளியதுதான் என்று ஆனால் சில வருடம். அடித்தது என்று ஆனால் ஆயுள். பிணப் பரிசோதனை செய்த டாக்டரை அம்மா குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். மதிய இடைவேளை வந்தது. வக்கீல்கள் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். ஜூனியர் அப்போது வேறொரு வழக்குக்கு வாய்தா வாங்க இரண்டாவது மாடியில் நின்றுகொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை டாக்டர் திரும்ப வரார். நான்தான் எழுந்திருக்கணும்" என்றார் ஜூனியர். "இடைவேளைக்கு எழுந்திருக்கும்போது மேடம் ஜட்ஜ்கிட்ட 'மதியம் ஒரு கேள்வி இருக்கலாம்'னு சொன்னாங்க. அந்தக் கேள்வி இதுதான் தம்பி. டாக்டர் 'முடியும்'னு சொல்லிட்டா கேஸ் அதோட நம்ம பக்கம் முடிஞ்சுது."

"'முடியாது'ன்னு சொல்லிட்டா?"

"அதுவும் அதோட முடிஞ்சுது."

"ரிப்போர்ட்ல என்ன இருக்கு அக்கா?"

"அதைப் பத்தி ஒரு வரி இல்லை. அரசு வக்கீலும் கேட்கலை. உள்ள இருக்கற ஆளு என்னைப் பார்க்கும்போதெல்லாம், 'கேளுங்க மேடம், நான் தள்ளத்தான் செஞ்சேன், எனக்கு என்ன பயம்'ங்கறார். நானும் நம்பறேன். ஆனா டாக்டர் என்ன நினைக்கிறார்னு யாருக்குத் தெரியும்?"

அவன் அட்டைகளைத் திருப்பிப் போட ஆரம்பித்தான். ஜூனியர் பார்த்துக்கொண்டிருந்தார். தூண் ஒன்று வந்தது. உத்தரத்தின் பாதி வந்தது. போன வருடம் அவனே வரைந்து, தப்பென்று தூக்கிப் போட்ட பாலம். இருபத்துமூன்று துண்டும் சேர்ந்தபோது இரண்டாம் வரிசையில், மூன்றாவது இடத்தில், ஒரு சதுர ஓட்டை. மிஞ்சியிருந்த அட்டை அதில் பொருந்தி உட்கார்ந்தது.

"ஒன்பதாவது கேள்வி" என்றான். "அதுக்கு அப்புறம் பதினஞ்சு கேட்டிருக்காங்க. நேரம் இல்லாம விட்டது இல்ல. தாண்டிப் போயிருக்காங்க."

ஜூனியர் படத்தையே பார்த்தார். "பதினோரு வருஷமா இதைப் பேப்பர் மிச்சம் பண்றாங்கன்னுதான் நினைச்சிருந்தேன்" என்றார் மெதுவாக. பிறகு வக்கீலாக மாறினார். "சரி, தாண்டினாங்க. ஆனா வேணாம்னு தாண்டினாங்களா, கடைசிக்குன்னு எடுத்து வெச்சாங்களா? வேணாம்னா 'ஒரு கேள்வி இருக்கலாம்'னு ஏன் சொல்லணும்? நல்ல கேள்வியைக் கடைசியில வைக்கறது வழக்கம்தானே."

பாலத்தில் சந்தேகம் வந்தால் அவன் சுத்தியலால் தட்டிக் கேட்பான். கல் கெட்டியாக இருந்தால் ஒரு சத்தம், உள்ளே பொய்த்திருந்தால் வேறு சத்தம். தட்டாமல் விட்ட இடத்தில்தான் ஒருநாள் பாலம் இறங்கும். அவன் தொழிலில் தெரியாததைத்தான் கேட்க வேண்டும். அம்மாவின் தொழில் நேர் எதிர். இந்த அட்டையைத் தட்டிப் பார்க்க ஒரு வழியும் இல்லை.

அப்பா இதுவரை சமையலறை வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையில டப்பா இருக்கா?" என்றார்.

"எந்த டப்பா?"

"சாப்பாட்டு டப்பா. நான்தான் கட்டிக் கொடுத்தேன்."

அவன் பையின் அடியில் கைவிட்டான். கைக்குட்டையில் சுற்றியிருந்தது. பிரித்தான். டப்பா காலி. கழுவப்பட்டிருந்தது. கரண்டி துடைத்து உள்ளே கிடந்தது. மூடி தலைகீழாக மேலே வைக்கப்பட்டிருந்தது, ஈரம் தங்காமல் இருக்க. அம்மா அப்படித்தான் வைப்பார். வேறு யார் கழுவினாலும் மூடியை அழுத்தி மூடிவிடுவார்கள்; அதற்காக அப்பாவே எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறார்.

அப்பா டப்பாவை வாங்கி உள்ளே பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டா" என்றார்.

ஜூனியர்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேள்வி பாக்கி இருந்தா தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க" என்றார். "எனக்கும் தெரியும். எனக்கு ஏன் தோணலை? ஜட்ஜ்கிட்ட சொன்னது, கேட்க வேணாம்னு முடிவெடுக்கறதுக்கு முன்னாடி. டப்பா முடிவுக்கு அப்புறம்."

"கழுவி வேற வெச்சிருக்கா" என்றார் அப்பா. டப்பாவை அவர் கீழே வைக்கவில்லை.

திங்கட்கிழமை அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனான். மூன்றாவது மாடி. மின்தூக்கி இன்னும் பழுதாகவே கிடந்தது. படியேறும்போது இரண்டு இடத்தில் நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் நின்றான்.

கடைசி பெஞ்சில் செத்துப்போனவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை, அதன் மேல் இரண்டு கையும். அவருக்கு இரண்டு இருக்கை தள்ளி அவன் உட்கார்ந்தான். கூண்டுக்குப் பின்னால் இரண்டு காவலர்களுக்கு நடுவே கட்சிக்காரர். கட்டம் போட்ட சட்டையில் இஸ்திரி மடிப்பு நேராக இருந்தது. டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார். நிதானமான மனிதர். கையில் தன் கோப்பு. நடுவில் ஒரு பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

"குறுக்கு விசாரணை தொடரலாம்" என்றார் நீதிபதி.

ஜூனியர் எழுந்தார். அவருடைய கோட்டில் ஆழமான பை இல்லை. அட்டை கையில் இருந்தது. கட்சிக்காரர் முன்னால் சாய்ந்தார். அரசு வக்கீலின் பேனா காகிதத்துக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. அந்தக் கணத்தில் மகனுக்கே ஆசை வந்தது. கேளுங்கள் அக்கா. தெரிந்துகொள்வோம்.

"மேற்கொண்டு கேள்வி இல்லை" என்றார் ஜூனியர். உட்கார்ந்தார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தார். பிறகு அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீல் பாதி எழுந்தார், நின்றார், "இல்லை" என்று அமர்ந்தார். டாக்டர் இன்னும் சற்று நேரம் கூண்டிலேயே நின்றார். கோப்பிலிருந்து விரலை எடுக்கவில்லை. போகலாம் என்று சொன்ன பிறகுதான் எடுத்தார். அந்தப் பக்கம் மூடிக்கொண்டது. கடைசி பெஞ்சுப் பெண் துணிப்பையை இறுக்கிப் பிடித்தார். அவரும் தெரிந்துகொள்ளப்போவதில்லை.

வெளியே தாழ்வாரத்தில் அரசு வக்கீல் அவனை அடையாளம் கண்டு நின்றார். நரைத்த மனிதர். அம்மாவுக்கு எதிரே இருபது வருடம் நின்றவர்.

"உங்க அம்மா உக்காந்தாதான் தம்பி எனக்கு வேர்க்கும். நின்னா பயமில்லை" என்றார். "இன்னைக்கு அந்தப் பொண்ணும் உக்காந்துடுச்சு. பழக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க."

"அந்தக் கேள்வியை நீங்க கேட்டிருக்கலாமே சார்?"

அவர் எந்தக் கேள்வி என்று கேட்கவில்லை. "எனக்கும் பதில் தெரியாதே" என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "அவங்க போனது தெரிஞ்ச அன்னைக்கு நான் வாதாடலை. உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன். பொய்தான்."

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இரண்டு காயமும் அடித்ததால்தான் ஏற்பட்டன என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. தள்ளியதால் மரணம், கொலை அல்ல. ஐந்து வருடம். அதில் இரண்டு ஏற்கெனவே உள்ளே கழிந்திருந்தது. கட்சிக்காரர் ஜூனியரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "கேட்டிருந்தா இன்னைக்கே வெளிய வந்திருப்பேன் மேடம்" என்றாராம். இருக்கலாம். ஜூனியர் தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு, "சரியாத்தானே தம்பி செஞ்சோம்?" என்று கேட்டார்.

"அம்மா சாப்பிட்டிருந்தாங்க அக்கா" என்றான்.

அன்று மாலை அப்பாவோடு கடைக்குப் போய்த் திரும்பினான். கட்டடத்தின் படியில் அப்பா முன்னால் ஏறினார். முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்து நின்றார். காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவதுபோல் பாவனை செய்தார்.

அவன் இரண்டு படி கீழே நின்றான். அறுபத்திரண்டு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"அன்னைக்குக் காலையில அம்மா கோர்ட்டுப் படி ஏறிக்கிட்டே போன்ல பேசினாங்கப்பா. நடுவுல ரெண்டு தடவை நின்னாங்க. மூச்சு சரியில்லை. எனக்குக் கேட்டுது. பாலத்துல பாரச் சோதனை, ஆறு லாரி ஜல்லியோட நிக்குது. கேட்டா என்ன சொல்வாங்களோன்னு பயம். சொல்லிட்டா எல்லாத்தையும் விட்டுட்டு வரணும். அதனால கேட்கலை."

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் கேட்டேன். கிளம்பறப்பவே. முகம் ஒரு மாதிரி இருந்துது. 'சரியாத் தூங்கலை'ன்னா. சரின்னு டப்பாவைக் கட்டிக் கொடுத்தேன். இன்னொன்னு கேட்டிருக்கணும். நானும் உக்காந்துட்டேன்."

மேலே ஏதோ வீட்டில் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவன் இரண்டு படி ஏறி அப்பாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

"ஏம்ப்பா நின்னீங்க?"

"சும்மா. படி."

"படியில தினமும்தான் ஏறுறீங்க. ஏன் நின்னீங்க?"

"என்னடா இது, குறுக்கு விசாரணையா?"

"ஆமா."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெல்லப் படியிலேயே உட்கார்ந்து வலது காலை நீட்டினார். "முட்டி. மூணு வாரமா. நீ இருக்கற நிலைமையில சொல்ல வேணாம்னு இருந்தேன்."

"எந்த இடத்துல?"

அப்பா தொட்டுக் காட்டினார். அவன் பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே நின்றான்.

"வேற?"

"வேற ஒன்னுமில்லை."

அவன் நகரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மிச்சத்தையும் சொல்ல வாயைத் திறந்தார்.